பட்டாசலுக்கு டைல்ஸ் வேண்டாம்

கல்லிடைக்குறிச்சி,
ஆடி 2

அன்புள்ள எய்யா,

டைல்ஸ் போட நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. மனசு நிறைஞ்சது. ஆனால் பட்டாசலுக்கு, அதான் நம்ம ஹாலுக்கு, டைல்ஸ் வேண்டாம் ராசா. வீடியோவில் நீ அங்கே பார்த்த விரிசலையெல்லாம் அம்மா அடைத்துவிட்டேன். 1987-இல் உன் தாத்தா போட்ட காவிச் சிமெண்ட் தரை அது. நீ தவழ்ந்ததும் அதில்தான். அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை உயர்ந்து கதவு இடிக்கும்.

போன ஐப்பசியிலேயே ஒவ்வொரு விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். மழையும் முடிந்து சித்திரை வெயிலும் போன பிறகு பார்த்தால், பட்டாசலில் ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. போஸ்ட் கார்டு முனை நுழையும் அகலம்தான். கலவை காயும்போது சுருங்கி விட்ட வெடிப்பு, பயமில்லை. ஆனால் தினமும் விடிந்தால் அதன் வழியாக எறும்பு மணலைக் குட்டிக் குட்டிக் குவியலாகக் கொண்டுவந்து போட்டிருக்கும். அடிமண் போய்விடக் கூடாதே என்றுதான் ஆனியில் வேலையைத் தொடங்கினேன்.

முன்பு ஒரு கொத்தனார் சிமெண்டைக் குழைத்து மேலாகத் தீற்றிவிட்டுப் போனார், ஞாபகம் இருக்கா? ஒரே மாதத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்தது. தூசி மேல் பூசினால் எது ஒட்டும்? இந்தத் தடவை உளி வைத்து, சுண்டுவிரல் அகலம், அரை அங்குல ஆழத்துக்கு விரிசலைக் கொத்தினேன். வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சாந்து உள்ளே பூட்டிக்கொள்ளும். கண்ணாடி போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் கொத்தினேன், நீ கவலைப்படாதே. அப்புறம் பழைய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ராத்திரி முழுக்க ஈரத் துணி போட்டு வைத்தேன்.

காலையில் தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பாலைத் தடவி, அது காய்வதற்குள் சாந்தை அழுத்தி வைத்தேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல். தண்ணீர் குறைவாக விட்டேன், கூடினால் மறுபடியும் சுருங்கும். காவிப் பொடி சிமெண்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஈரத்தில் நிறம் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால், ஓட்டுச் சில்லில் தடவிக் காயவைத்துப் பார்த்தே கலந்தேன். ஆனிக் காற்று சாந்தைச் சீக்கிரம் உலர்த்திவிடும், அதனால் ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்திவிட்டேன். ஏழு நாள் ஈரச் சாக்கு. காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். நிறம் லேசாக வேறுபடத்தான் செய்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

அடுக்களையை ஒட்டிய புறவாசல் விரிசலை மட்டும் தொடவில்லை. அங்கே ஒரு பக்கம் தாழ்ந்து, காலில் தட்டுகிறது. 2023 டிசம்பர் மழையில் அந்தப் பக்கம்தானே தண்ணீர் நின்றது, மண் இறங்கியிருக்கும். பென்சில் கோட்டை இன்றைக்குப் பார்த்தேன், ஒரு விரற்கடை தாண்டிவிட்டது. அதைச் சாந்தால் மூடுவது தப்பு. உன் பணத்தில் முதலில் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் லீவுதானே, அந்த நேரம் வீடியோவில் வா. அவர் சொல்வதை நீயும் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா