போர்க்கப்பலும் அடையாளம் காட்டட்டும்

ஐயா,

நார்வே போர்க்கப்பல் ‘ஹெல்கே இங்ஸ்டாட்’ மூழ்கியது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். 2018 நவம்பர் 8 அதிகாலையில் அது ‘சோலா டிஎஸ்’ என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியதற்கு, கப்பலைச் செலுத்தும் மேல்தளக் காவலில் இருந்தவர்களின் அனுபவக் குறைவையே கட்டுரை பெரிதாகப் பேசுகிறது. சரி, அதுவும் உண்மைதான். ஆனால் கப்பலின் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலி வழியே அருகிலுள்ள கப்பல்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏஐஎஸ் கருவி போர்க்கப்பலில் இருந்தும், அது அப்போது தன் இருப்பிடத்தைப் பிறருக்கு அனுப்பவில்லை. எண்ணெய்க் கப்பலிலோ தள விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. போர்க்கப்பலில் இருந்தவர்கள் அதைக் கரையோரம் அசையாமல் நிற்கும் ஏதோ ஒன்று என்று கருதிவிட்டார்கள். போர்க்கப்பலில் இருந்த 137 பேரும் பிழைத்தது பெரும் பேறு.

சரக்குக் கப்பலில் இரவுக் காவல் பார்த்தவன் நான். தள விளக்குகள் எரிந்தால், கப்பலின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் காட்டும் பச்சை, சிவப்பு வழி விளக்குகள் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். எதிர்க்கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. 2011 ஜனவரியில் மும்பை அருகே சரக்குக் கப்பல் மோதி நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐஎன்எஸ் விந்தியகிரியை இழந்தவர்கள் நாம். அமைதிக் காலத்தில் துறைமுகக் கால்வாய்க்குள் வரும் கடற்படைக் கப்பல்கள் ஏஐஎஸ் தகவலை அனுப்பியே தீர வேண்டும் என்று விதி செய்யலாம்.

– ஓய்வுபெற்ற கப்பல் அலுவலர், தூத்துக்குடி