உணவிடுவோரும் கருத்தடையும்: தெருப் பூனைகளுக்காக ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தெரு நாய்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவுகளைப் பிறப்பித்ததிலிருந்து, தெருவில் வாழும் விலங்குகளுக்கு உணவு வைக்கலாமா, கூடாதா என்ற வாக்குவாதம் நம் குடியிருப்புகளிலும் வலுத்திருக்கிறது. குற்றம் சாட்டும்போது நாய்களோடு பூனைகளையும் சேர்த்துப் பேசுகிறவர்கள், தீர்வு என்று வரும்போது பூனைகளை மறந்துவிடுகிறார்கள். வடசென்னையில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே வசித்து, அண்டை வீட்டாரோடு சேர்ந்து நெடுங்காலமாகத் தெருப் பூனைகளைப் பராமரித்து வருபவள் என்ற முறையில், உணவு வைப்பவர்களுக்கும் அதை எதிர்ப்பவர்களுக்கும் உள்ளாட்சி அதிகாரிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

உணவை நிறுத்திவிட்டால் பூனைகள் தாமாகவே போய்விடும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. காசிமேடு, ராயபுரம் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது நடக்கிற காரியம் அல்ல என்பது தெரியும். மீன் ஏலம் முடிந்த தரையிலும், மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களின் அரிவாள்மனைக்கு அருகிலும், கோழிக்கடைக் கழிவுக் கூடையிலும், நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியிலும், சாக்கடையோரத்து எலி வளையிலும் பூனைக்கு ஏதோ ஓர் இரை கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடி தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் வரத்துக் குறைந்து, மற்ற நாட்களில் பூனைகளுக்கு வீசப்படும் தலையும் வாலும்கூடக் குழம்புக்கு விலைபோகும்போது, எங்கள் தெருப் பூனைகளின் விலா எலும்பு வெளியே தெரியத் தொடங்கும். அப்போதும் அவை ஊரைவிட்டுப் போவதில்லை. மெலிந்து, நோய்ப்பட்டு, அடுக்களைச் சன்னல்களில் ஏறத் தொடங்குகின்றன. அந்த மெலிந்த உடம்போடு குட்டியும் போடுகின்றன. உணவை நிறுத்துவதால் எண்ணிக்கை குறைவதற்கு முன் வேதனைதான் கூடுகிறது.

சாக்கில் கட்டி, இரவோடு இரவாக வேறு பகுதியில் விட்டுவிடுவது இன்னொரு வழியாகக் கையாளப்படுகிறது. பூனை தான் வாழும் இடத்தோடு ஒட்டிப்போன பிராணி. அறியாத தெருவில் இறக்கிவிடப்பட்ட பூனை, அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளால் விரட்டப்பட்டு, தண்ணீர் எங்கே, மறைவிடம் எங்கே என்று தெரியாமல், பழைய இடத்தைத் தேடிச் சாலையைக் கடந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அது காலிசெய்த இடத்திலோ, உணவும் மறைவும் அப்படியே இருப்பதால், சில வாரங்களில் வேறு பூனைகள் வந்து சேர்கின்றன. ஒரு குடியிருப்பின் தொல்லையை அடுத்த குடியிருப்புக்குத் தள்ளிவிடுவதைத் தீர்வு என்று சொல்ல முடியாது.

இனி, என்னைப் போல உணவு வைப்பவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிப்பதும் உண்டு. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் நின்றுபோகும் இனப்பெருக்கம், நம் ஊர் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நடக்கிறது. வயிறார உணவு வைத்துக் கருத்தடை செய்யாமல் விட்டால், அடுத்த ஆண்டு அதே படிக்கட்டின் கீழ் எத்தனை குட்டிகள் கிடக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றில் பல வளர்வதே இல்லை. கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ள, மூக்கடைத்து, பாலின் மணம்கூடத் தெரியாமல் தாயின் வயிற்றில் முகத்தை வைத்தபடியே சோர்ந்து கிடக்கும் குட்டியைப் பார்த்தவர்களுக்கு, தட்டில் சோறு போடுவதோடு நம் கடமை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றாது. பூனைகளுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் வகை நோய் ஒரு தெருவில் நுழைந்துவிட்டால், வாந்தியும் கழிச்சலுமாக ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் இரண்டு மூன்று நாளில் போய்விடுகின்றன.

ஆகவே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: உணவிடுவதும் கருத்தடை செய்வதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். உணவு வைப்பவர் இல்லாத தெருவில் கருத்தடையும் நடக்காது. தெருப் பூனை யார் கைக்கும் எளிதில் அகப்படாது. நாயைப் போல வலை வீசிப் பிடிக்க முயன்றால் மதில் ஏறி மறைந்துவிடும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆளின் குரலுக்கு வந்து பழகிய பூனையைத்தான் கூண்டுக்குள் வரவழைக்க முடியும்.

அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால் முந்தைய இரவு உணவு வைப்பதில்லை. விடியற்காலையில், பசியோடு வரும் பூனைக்கு எதிரே, மிதித்தால் கதவு விழும் கூண்டை வைத்து, அதன் உள்முனையில் வறுத்த நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டு விலகி நிற்கிறோம். கதவு விழுந்த சத்தத்தில் மிரளும் பூனை கம்பிகளில் மூக்கை மோதிக் காயப்படுத்திக்கொள்ளப் பார்க்கும்; அந்தக் கணமே பழைய போர்வையொன்றைப் போட்டுக் கூண்டை முழுவதும் மூடிவிட்டால், இருட்டில் அடங்கி உட்கார்ந்துவிடும். பெட்டையாக இருந்தால் வயிற்றடியைக் கவனிக்க வேண்டும். முலைக்காம்பு தடித்து, அதைச் சுற்றியுள்ள முடி விலகியிருந்தால், எங்கோ ஒரு மறைவில் குட்டிகள் பாலுக்குக் காத்திருக்கின்றன என்று பொருள். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அறுவையை விலாப் பக்கமாகச் செய்து பால் குடிப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வார்; கூடிய சீக்கிரம் தாயைக் குட்டிகளிடம் திருப்பி அனுப்பவும் முடியும். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, இடது காதின் நுனியை நேர்கோடாகச் சிறிதளவு நீக்கிவிடுகிறார்கள். உணர்விழந்த நிலையில் செய்வதால் அப்போது வலி தெரிவதில்லை. அதன் பிறகு அந்தப் பூனையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே கருத்தடை ஆனது என்று தெரிந்துகொள்ளலாம், மறுபடியும் யாரும் பிடித்து அறுவை மேசையில் கிடத்த மாட்டார்கள். உடல் தேறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது இதில் மிக முக்கியமான விதி.

எதிர்ப்பவர்கள் அடுக்கும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையால் தணிந்துவிடுகின்றன என்பதை அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நள்ளிரவில் குழந்தை அழுவதைப் போல எழும் ஓலம், கடுவன்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் சண்டை, இருசக்கர வாகனத்தின் மீதும் வாசற்படியிலும் பீய்ச்சும் மூத்திரத்தின் நெடி ஆகிய மூன்றுக்கும் அடிப்படை இனச்சேர்க்கைக்கான போட்டிதான். கருத்தடை முடிந்த தெருவில் இவை வெகுவாகக் குறைவதை எங்கள் அண்டை அயலாரே ஒப்புக்கொள்கிறார்கள்.

உணவு வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். வாசலிலும் படிக்கட்டிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காமல், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில், குறித்த நேரத்தில் வைத்து, அரைமணி நேரத்துக்குள் மிச்சத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும். எறும்பும் எலியும் வருவதற்கு இடம் கொடுக்கக் கூடாது. தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்து நிரப்பினால் கொசுப்புழு என்ற புகாருக்கே இடமில்லை. பால் வார்ப்பது நம் வழக்கம் என்றாலும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. தயிர்ச்சோறு வயிற்றை நிரப்புமே தவிர, பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் பழுதாகும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த மீனையோ கோழியையோ முள்ளும் எலும்பும் நீக்கிச் சிறிது சோற்றில் பிசைந்து வைப்பது போதுமானது. வெங்காயமும் பூண்டும் விழுந்த குழம்புச் சோறு பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். காய்ச்சல் என்று நினைத்து மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாத்திரையில் பூனை இறந்துபோகக்கூடும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு மட்டும் ஒரு சொல். மீன் வியாபாரிகள் தூக்கி எறியும் தெர்மாகோல் பெட்டியின் பக்கவாட்டில் பூனை நுழையுமளவு ஓட்டையிட்டு, மூடியைக் கட்டி, உள்ளே வைக்கோலைப் பரப்பி, செங்கல்லின் மேல் உயர்த்தி வைத்தால் ஒரு பூனைக் குடும்பம் அடைமழையைத் தாண்டிவிடும். துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வைக்கோல் பிடிக்காது. இந்த மறைவு கிடைக்காத பூனைகள்தான் கார் எஞ்சினின் சூட்டைத் தேடி உள்ளே ஏறிப் படுக்கின்றன. மழைக்காலக் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டும்படி கார் வைத்திருப்போரை வேண்டிக்கொள்கிறேன்.

நோய் பற்றிய அச்சத்தைப் புறந்தள்ள நான் விரும்பவில்லை. பூனைக்கும் வெறிநோய் வரும். கடித்தாலோ கீறினாலோ, தெரிந்த பூனைதானே என்று இருந்துவிடாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைச் சுத்தம் செய்யும் வேலையை மற்றவரிடம் விட்டுவிடுவது நல்லது. பறவைகளை முன்வைத்துப் பேசுகிறவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பூனை பிறவி வேட்டைக்காரன். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக (ராம்சார் தலம்) 2022இல் அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போன்ற பறவை வாழிடங்களின் ஓரத்தில் உணவு வைத்துப் பூனைக் கூட்டத்தைப் பெருக்குவதை, பூனைகள்மீது எவ்வளவு அன்பிருந்தாலும், என்னால் ஆதரிக்க முடியாது. அத்தகைய இடங்களில் உள்ள பூனைகளுக்குக் கருத்தடையோடு, பழகியவற்றுக்கு வீடு தேடிக் கொடுப்பதும் நடக்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குடியிருப்பு வளாகத்தில் வாழும் உரிமையாளர் இல்லாத விலங்குகளுக்கு உணவிட ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடம் ஒப்படைத்து, இடத்தையும் நேரத்தையும் கலந்து பேசி முடிவு செய்யச் சொல்கின்றன. மீன் தலையில் எலி மருந்தைத் தடவி வைப்பவர்கள், விலங்கை நஞ்சிட்டுக் கொல்வதற்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அந்த நஞ்சு கலந்த மீன் தவழும் குழந்தையின் கைக்கும் எட்டும்.

தெரு நாய்களுக்குக் கருத்தடை என்ற வழியை 1960களிலேயே நடத்திக் காட்டியது சென்னையின் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. மாநகராட்சியும் 1996இல் அந்த வழிக்கு வந்தது. ஆனால் உள்ளாட்சிகளின் திட்டங்களும் வண்டிகளும் கூண்டுகளும் இன்றுவரை பெரும்பாலும் நாய்களை மனத்தில் கொண்டே அமைந்திருக்கின்றன. தனியார் கிளினிக்குகளில் ஒரு பெட்டைப் பூனையின் அறுவைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தெருப் பூனைகளுக்கு உணவு வைப்பவர்களில் பலர் வீட்டுவேலை செய்யும் பெண்கள், இரவுக் காவலர்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள். தம் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மீன் வாங்குகிறவர்களிடம் அறுவைக் கட்டணத்தையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. வீடு மாறும்போது கருத்தடை செய்யாத வளர்ப்புப் பூனையைத் தெருவில் விட்டுச் செல்லும் வசதி படைத்தவர்களின் சுமையும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. சடை பிடித்த முடியோடு, இரை தேடத் தெரியாமல் அலையும் பாரசீகப் பூனைகளை இப்போது எங்கள் தெருவிலேயே காண முடிகிறது.

எனவே சென்னை மாநகராட்சியும் மற்ற உள்ளாட்சிகளும் தம் கருத்தடை மையங்களில் வாரத்தில் ஒரு நாளையாவது பூனைகளுக்கென ஒதுக்க வேண்டும். உணவு வைப்பவர்கள் முன்பதிவு செய்து பூனையைக் கொண்டுவந்தால் கட்டணமின்றி அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் பூனைக்கான கூண்டுகள் சிலவற்றை இரவல் கொடுப்பதற்கு வைத்திருக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையும் தன் பன்முக மருத்துவமனைகளில் இதே வசதியை ஏற்படுத்தலாம். மழை தொடங்கிவிட்டால் பூனைகளைப் பிடிப்பதும் அறுவைக்குப் பின் உலர்ந்த இடத்தில் வைத்திருப்பதும் கடினம் என்பதால், செப்டம்பருக்குள் இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் பூனைகளைக் கூண்டில் பிடித்துக் கொண்டுவருவதற்கும், திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கும் ஆட்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ராயபுரம், சென்னை