முதலில் வினாத்தாளின் எழுத்துருவை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான உதவிக் கருவிகளைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டும்தான். ஆனால் யாருக்கு, எதில் பயிற்சி என்பதில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நான் ஆசிரியர் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத் தேர்வு வந்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகள், டியூஷன் சென்டர்களின் வினாத்தாள்கள் டைப் அடிக்க எங்களிடம் வரும்.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பார்வையற்ற தம்பி ஒருவன் இருக்கிறான். போனில் டாக்பேக் (திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் வசதி) போட்டுக்கொண்டு சரசரவென்று வாட்ஸ்அப் பார்ப்பான். அது பேசுகிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. லேப்டாப்பில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ வைத்திருக்கிறான். பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய திரைவாசிப்பான் அது. இலவசம், தமிழும் வாசிக்கும். பள்ளியில் கொடுத்த தமிழ்ப் பாடக்குறிப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து, "அண்ணா, இது என்ன ஃபைல், என்னமோ உளறுது" என்றான். திறந்து பார்த்தேன். கண்ணுக்குப் பிழையில்லாத தமிழ். ஆனால் அடித்திருந்தது பாமினி என்ற பழைய எழுத்துருவில்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் என்றுதான் தெரியும். ஃபைலுக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. நம் கண் அதை நம்பிவிடும். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை அப்படியே வாசித்துவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன், இரண்டு நிமிட வேலை. அந்தக் குறிப்பை எழுதிய ஆசிரியர் அக்கறை இல்லாதவர் அல்ல. அவனுக்காகவே தனியாக அடித்துக் கொடுத்திருக்கிறார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். யூனிகோடையும் டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று 2010லேயே அரசாணை வந்துவிட்டது. அப்புறமும் டிடிபி கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொன்று, கரும்பலகையைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது. அவன் போனுக்கு அது வெறும் "இமேஜ்".

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகுதியுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் சொல்கிறது. கருவி எப்படியோ கைக்கு வந்துவிடுகிறது. பயிற்சி என்றால் சிறப்பாசிரியரோடு நின்றுவிடுகிறது. அவரோ பல பள்ளிகளுக்கு ஓடுகிறவர். நாள் முழுக்க அந்தப் பிள்ளையோடு இருப்பவர் கணக்கு டீச்சரும் அறிவியல் சாரும்.

காது கேட்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது டீச்சர் குரலை மட்டும் பெரிதாக்கித் தராது, பக்கத்தில் இருக்கும் சத்தத்தையும் சேர்த்துத்தான் தரும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போகிற சாலையோரத்தில் ஒரு பள்ளி இருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன கேட்கும்? முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. டீச்சர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் இருக்கிறது, குரல் நேராகக் குழந்தையின் கருவிக்குப் போகும். அதை மாட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலிகளும் போனில் வந்துவிட்டன. நம்ம வடசென்னைத் தமிழை அவை என்ன பாடுபடுத்தும் என்பது வேறு கதை.

அப்புறம் தூரம். பல்வகை ஊனங்களுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. பிரெய்ல் பிரிவு வைத்திருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பாடம் நடத்துகிறவர் நகரத்தின் மறுகோடிக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டுமா? உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகள் இங்கேயே இருக்கின்றன, பயிற்சியை அங்கே நடத்தலாம். சொல்லித்தர ஆளுக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் பணியில் இருக்கிறார்கள். தினமும் திரைவாசிப்பானை வைத்தே வேலை பார்ப்பவர்களைவிட யார் நன்றாகச் சொல்லித் தந்துவிடப் போகிறார்கள்?

ஏற்கெனவே எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சனிக்கிழமை குறுவளமையக் கூட்டம் என்று ஆசிரியர்கள் அலுத்துப் போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கடையில் நின்று புலம்புகிறவர்களே அவர்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், ப்ரொஜெக்டரில் கருவிகளின் படம் காட்டி, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பும் பயிற்சி வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் தாங்கள் கடைசியாகத் தயாரித்த வினாத்தாளைப் பென் டிரைவில் எடுத்து வரட்டும். யூனிகோடுக்கு மாற்றி, ஹெட்போன் மாட்டி, திரையை அணைத்துவிட்டு முழுத் தாளையும் கேட்கட்டும். கோடிட்ட இடத்துக்கு நாம் இஷ்டத்துக்கு அடித்து வைத்த கோடுகள் காதில் என்னவாக விழுகின்றன என்று அப்போது தெரியும். 'பொருத்துக'வில் அட்டவணை போடாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இரண்டு வரிசை ஆக்கியிருந்தால், இடப்பக்கச் சொல்லும் வலப்பக்கச் சொல்லும் ஒன்றாய்க் குழம்பி வரும். 'படத்தைப் பார்த்து விடையளி' வரும்போது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குரல் தாண்டிப் போகும். அந்தக் கேள்விக்கு என்ன செய்வது என்று அங்கேயே, பார்வையற்ற ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.