எங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு? சீரியல் எடுக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்னத்திரைத் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், எது ஓடும் எது ஓடாது என்று முடிவு செய்கிற சேனல்காரர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சீரியல் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு ரிமோட் மாமியார் கைக்குப் போய்விடும். அப்புறம் சாப்பாடு, பாத்திரம் கழுவுதல், பேரனுக்குப் போன் எல்லாம் விளம்பர இடைவேளையில்தான். கூடவே உட்கார்ந்து நானும் பார்க்கிறேன், ரசிக்கிறேன், திட்டுகிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

எங்கள் ஊர் வீடுகள் உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிப் பூக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று டிரோனை மேலே விட்டு முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை சுற்றிக் காட்டுகிறீர்கள். சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமரா உள்ளே போனதும் ஆரம்பிக்கிற கதை இருக்கிறதே, அது அந்த வீட்டுக்குள் நடக்கவே முடியாத கதை.

ஒரு பெரிய வீடு. ஒரே சமையலறை. மூன்று மருமகள்கள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகின மாமியார். யார் சமைப்பது, யார் உப்பை அள்ளிப் போட்டது, யார் பாயசத்தில் மருந்து கலந்தது என்று மூன்று வாரம். ஐயா, அந்தச் சண்டை வரக்கூடாது என்றுதானே எங்கள் முன்னோர் வீட்டையே அப்படிக் கட்டினார்கள்! நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பையனுக்குக் கல்யாணம் ஆனால் சீக்கிரமே 'வேறு வைத்துவிடுவார்கள்', அதாவது தனிக் குடித்தனம். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே கூரை, அதே வளவு (நடு வாசலைச் சுற்றின கட்டு). வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு. பின்கட்டில் அவர்களுக்கென்று தனி அடுப்பு. அரிசி பருப்பு, பாத்திரம் பண்டம், செலவுக்குப் பணம் எல்லாம் கணக்காகக் கொடுத்து, இனி உன் குடித்தனம் உன் பொறுப்பு என்று விட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு தனிக் குடும்பம். கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். இருபது வயதுப் பெண் மாமியார் முகத்தைப் பார்க்காமல் தன் கணக்கைத் தானே எழுதினாள். நாலு பிள்ளை வீடு என்றால் நாலு அடுப்பு, பெரியவர்களுக்கு ஒன்று. விசேஷம் என்றால்தான் எல்லாருக்கும் சேர்த்து உலை.

இப்போது சொல்லுங்கள், உங்கள் வில்லி எந்த அடுப்புப் பாயசத்தில் மருந்து கலப்பாள்?

இதனால் எங்களிடம் சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய உண்டு, ரகம்தான் வேறு. சீர் சாமானில் எவர்சில்வர் எத்தனை, வெள்ளி எத்தனை. பந்தியில் யாரை முதலில் கூப்பிட்டார்கள். அடுத்த அடுப்பில் தாளிக்கிற வாசனை வந்தும் ஒரு கிண்ணம் வரவில்லையே என்கிற மனத்தாங்கல். ஒரு கிண்ணம் குழம்பு வராததை வைத்து எங்கள் மாமியார் நாற்பது வருஷம் முந்தைய கோபத்தை இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்லுவார். இடி முழக்கம் இல்லை, முகத்தை மூன்று முறை கிட்டத்தில் காட்டவும் இல்லை. அந்தக் கதையைக் கேட்டால் நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள்.

அப்புறம் அந்தத் திடீர்த் தாலி. கதாநாயகி அசந்த நேரம் பார்த்து ஒருவன் சட்டைப்பையிலிருந்து தாலியை எடுத்துக் கட்டிவிடுகிறான். கட்டியாகிவிட்டது, இனி அவன்தான் புருஷன் என்று வீடே அழுகிறது. இதையும் எங்கள் ஊர் முகப்பில் வைத்து எடுக்கிறீர்கள். இங்கே ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், ஒன்பது நகரக் கோயில்களில் அவரவர் சேர்ந்த கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இந்தப் பெண் என்று சொல்லித்தான் அந்த மாலையே வாங்க முடியும். இரண்டு வீட்டாரும் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் திருப்பூட்டு, அதுதான் எங்கள் தாலி கட்டுகிற சடங்கு. அதில் கழுத்துரு என்கிற பெரிய தங்கத் தாலி மாலையைப் பூட்டுவார்கள். பையில் ஒளித்துக்கொண்டு ஓடிவந்து கட்டுகிற சாமானா அது? பலவந்தமாகத் தாலி கட்டுவதைக் கல்யாணம் என்று ஒப்புக்கொள்வதே தப்பு, அது வேறு விஷயம். அந்தத் தப்பை எங்கள் வழக்கம் மாதிரி காட்டாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முதல் பாகம் 2018-லிருந்து 2023 வரை ஓடியது. கதை நடக்கிற ஊர் எங்களுக்குப் பக்கத்துக் குன்றக்குடி. அந்த அண்ணன் தம்பிகள் ஒரே உலையில் சாப்பிட்டது எனக்கு உறுத்தவில்லை. அவர்கள் நகரத்தார் இல்லை, அவர்கள் வழக்கம் அது. எனக்குப் பிடித்தது வேறு: அவர்களுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பொட்டலம், கடன், சரக்கு என்று வயிற்றுப்பாடு தெரிந்தது. 'சிறகடிக்க ஆசை'யிலும் முத்து கார் ஓட்டுகிறான், மீனா பூக்கட்டுகிறாள். அதனால்தான் அவர்கள் பேசினால் காது கொடுக்கத் தோன்றுகிறது. ஆனால் அதிலேயே ரோகிணி வீட்டாரிடம் மறைத்த பழைய கதையை எத்தனை வருஷம் இழுத்தீர்கள்! "நமக்குத் தெரிஞ்சு, பால்காரருக்குத் தெரிஞ்சு, அந்த வீட்டு ஆளுகளுக்கு மட்டும் தெரியாதாக்கும்" என்பார் மாமியார். மற்ற பல தொடர்களில் கதாநாயகனுக்கு வேலை என்ன என்றே விளங்கவில்லை. ஏதோ கம்பெனி, ஏதோ டெண்டர், ஒரு பைலில் கையெழுத்து. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலரை ஊற்றி, சிமெண்டைப் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கல் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவரை ஒரு எபிசோடுக்காவது கதாநாயகனாக்கினால் என்ன?

'எதிர்நீச்சல்' வில்லன் ஆதி குணசேகரனை நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினோம். 2023 செப்டம்பரில் அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்துபோன செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் சொந்தத்தில் ஒருவர் போன மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். அந்த ஆள் கண்ணை உருட்டவில்லை. தான் செய்வதுதான் சரி என்று முழுசாக நம்பினார், ஊர்ப்பேச்சில் பேசினார். வில்லன் என்றால் அப்படி இருக்கட்டும்.

உங்களுக்குக் கதை பஞ்சம் என்றால் இங்கே வாருங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். பெரும்பாலும் கப்பல் கடிதத்திலேயே புருஷனோடு குடித்தனம் நடத்திய பெண்கள்தான் இந்த வீடுகளைக் கட்டுகிற கொத்தனாரிடம் கணக்குக் கேட்டார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கடையைப் போட்டுவிட்டுக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் உண்டு. வராமலே போனவர்களும் உண்டு. மிச்சம் இருந்ததும் 1963, 64-ல் அங்கே எல்லாம் அரசுடைமையானபோது போயிற்று. இரண்டு பெட்டியோடு வந்து நின்ற மனிதர் முன்னால், தானே அடுப்பு வைத்துத் தானே கணக்கெழுதிய அந்த அம்மாள் என்ன பேசியிருப்பாள்? எழுதத் தெரிந்தவர்களுக்கு அதிலேயே ஐந்நூறு எபிசோடு இருக்கிறது.

இன்றைய கதை வேண்டுமா, அதுவும் உண்டு. ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்கு. ஒரு பங்கு சிங்கப்பூரில், ஒரு பங்கு சென்னையில், ஒரு பங்கு போன் எடுக்காது. ஓடு உடைந்து ஒழுகினால் யார் செலவு? விற்கலாம் என்கிறான் ஒருவன், முன்னோருக்கு வைக்கிற ஐயா படைப்பை எங்கே வைப்பது என்கிறாள் ஒருத்தி. எல்லாரும் நல்லவர்கள், ஆனாலும் தீராத வழக்கு. வில்லனே தேவையில்லை.

கேமரா எங்களுக்குப் புதுசு இல்லை. ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ போட்டுப் படமெடுத்து 1947-ல் 'நாம் இருவர்' வெளியிட்ட ஊர் இது. ஆகவே தாராளமாக வாருங்கள். ஆனால் சுவரில் டேப் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு தொடருக்காகக் கறுப்புத் துணியை அகல டேப்பால் ஒட்டி, முடிந்ததும் படக்கென்று உரித்தார்கள். பளபளப்பு பாளம் பாளமாகக் கையோடு வந்துவிட்டது. மேலே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். தேமல் மாதிரி தெரிகிறது. நடு வாசலில் வில்லனுக்குச் சோபா போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள், அந்த இடம் மழை நேராக இறங்குகிற இடம்.

கல்யாண மாதங்களில் வீடு கிடைக்காது. மற்ற நாளில் வந்தால் மாமியாரைக் கட்டாயம் பாருங்கள். எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அதற்கு மேல் அவர் யாரோடும் பேசமாட்டார்.

இப்படிக்கு,
வளவில் உட்கார்ந்து தினமும் உங்கள் தொடர்களைப் பார்க்கும் ஒரு மருமகள்