மருத்துவமனை கேன்டீனுக்கு யார் பத்தியம் எழுதுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அதே பண்டங்கள் மருத்துவமனை கேன்டீனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன.

நெஞ்சுவலி என்று என் மாமியாரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது, ஊறுகாய், அப்பளம், வடை வேண்டாம் என்று டயட்டீஷியன் சீட்டு எழுதிக் கொடுத்தார். சரிதான். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்லும் அளவு அது. ஆனால் அந்தச் சீட்டோடு லிஃப்டில் இறங்கினால் கீழே கிடைப்பது பூரி, பரோட்டா, பப்ஸ், சிப்ஸ், கலர் பாட்டில். சாயங்காலம் பஜ்ஜி போடும் சட்டியில் எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது. கேட்டால், "சூடா இருக்கு, சாப்பிடுங்கம்மா" என்கிறார்கள். வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுவரலாம் என்றால், வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று செக்யூரிட்டி டிபன் கேரியரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். சுத்தத்துக்காகவாம்!

கேன்டீன் நடத்துபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொழுத்த வாடகைக்கு ஏலம் எடுத்தவர் எது சீக்கிரம் விற்குமோ அதைத்தான் போடுவார். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களில் பலருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருக்கும். நேரம் தவறிச் சாப்பிடுகிற அவர்களுக்கு யாரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை.

அரசு மருத்துவமனை வளாகங்களில் இருக்கும் அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மானியத்தில் நடப்பவை, அந்த விலைக்குத் தனியாரால் தர முடியாது. ஆனால் இட்லி, இடியாப்பம், சுண்டல், உப்பு குறைத்த சாம்பார் என்று நாள் முழுக்க வைத்திருக்க எது தடை? பாதுகாப்பான, சத்தான உணவு தரும் வளாகங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கும் 'ஈட் ரைட் கேம்பஸ்' சான்றிதழ் மருத்துவமனைகளுக்கும் உண்டு. விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பள்ளிக்கு உள்ள தடையை மருத்துவமனைக்கும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, கேன்டீன் ஒப்பந்தம் போடும்போதே பண்டங்களின் பட்டியலை டயட்டீஷியன் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று நிர்வாகங்கள் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி