அழைப்பிதழில் இருந்த தமிழ் திரையில் எங்கே போனது?

கொழும்பில் வெளிநாட்டுப் படங்களைக் கொண்டுவந்து காட்டும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒரு தரப்பினர் போன மாதம் நடத்திய திரையிடலுக்கு நானும் அம்மாவும் வந்திருந்தோம். எந்த மண்டபம், எந்த நாள் என்று எழுதி யாரையும் மாட்டிவிட நான் விரும்பவில்லை. படத்தின் பெயரைச் சொன்னாலே உங்களுக்கு விளங்கும். மமொரு ஹொசொடா இயக்கி 2012இல் ஜப்பானில் வெளியான அனிமேஷன் படம், ‘ஓநாய்க் குழந்தைகள்’.

அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதலில் நன்றி. ஹனா என்ற பல்கலைக்கழக மாணவி, ஓநாயாக உருமாறக்கூடிய ஒருவனைக் காதலிக்கிறாள். இரண்டு பிள்ளைகள். இளையவன் பிறந்த கையோடு தகப்பன் செத்துப்போகிறான். கோபம் வந்தால் காது முளைத்து வால் நீளும் அந்த இரண்டு குஞ்சுகளையும் ஊர் கண்ணில் படாமல் தனியொருத்தியாக வளர்க்க வேண்டும். தோக்கியோவில் முடியாமல் மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குப் போகிறாள். மூத்தவள் மனிதப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறாள். இளையவனோ காட்டுக்குப் போகிறான். தாய் இரண்டு பேரையும் போகவிடுகிறாள். கதை இவ்வளவுதான்.

இதை அம்மாவோடுதான் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அவருக்கு எழுபத்தாறு வயது. 1995இல் யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தவர். அப்பா அதற்கு முன்பே இல்லை. தம்பி பத்தொன்பது வயதில் இங்கிருந்து வெளிநாடு போனான். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அழைப்பிதழ் மூன்று மொழிகளிலும் இருந்தது. தமிழில் ‘அனைவரும் வருக’ என்று வடிவாக அச்சடித்திருந்தீர்கள், பிழையில்லாமல். அதை அம்மாவே வாசித்துவிட்டுத்தான் சேலை மாற்றினார். மண்டபத்தில் விளக்கு அணைந்து படம் தொடங்கியபோது திரையின் அடியில் ஆங்கிலம் வந்தது, சிங்களம் வந்தது. தமிழ் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தால் வருமாக்கும் என்று அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சரி, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் காதோடு குனிந்தேன். இருபது நிமிடம், அரை மணித்தியாலம் இருக்கும். ஆங்கிலத்தை வாசித்து, தமிழாக்கி, சத்தம் வெளியில் போகாமல் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். மூத்த பிள்ளை எதையோ விழுங்கிவிட, ஹனா அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நிற்கிறாள். ஒரு பக்கம் குழந்தை வைத்தியர், மறுபக்கம் மிருக வைத்தியர். எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. “ஏன் பிள்ளை, உள்ள போகாமல் நிக்கிறாள்?” என்று அம்மா கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லிக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவரும் படம் பார்க்க வந்தவர்தானே, அவரில் பிழை இல்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா தனியாகத்தான் பார்த்தார். பனியில் தாயும் பிள்ளைகளும் உருண்டு புரண்டு ஓடும் இடத்தில் வசனமே இல்லை, இசை மட்டும்தான். அங்கே அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பயிர் வாடிப்போய் நிற்க, கடுகடுத்த முகத்தோடு ஒரு கிழவர் வந்து ஹனாவை விரட்டும் இடத்தில், “மண்ணை முதல்ல கிண்டச் சொல்லுறார்” என்று எனக்கே சொன்னார். சரியாகவே சொன்னார். தோட்டம் செய்த கைக்கு அது தெரியும்.

ஆனால் புயல் வந்தது. இளையவன் வீட்டை விட்டுக் காட்டுக்குள் போய்விட்டான். கொட்டும் மழையில் ஹனா அவனைத் தேடிப் போகிறாள், விழுகிறாள், எழும்புகிறாள், கத்திக் கத்திக் கூப்பிடுகிறாள். அந்த இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். எல்லாம் விளங்குகிறதாக்கும் என்று ஆறுதல்பட்டேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டார்: “காட்டுக்குள்ள அவள் தாயைத்தானே கூப்பிட்டவள்? கடைசி வரைக்கும் தாய் வரேல்லையே.”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அந்தப் பெடியனின் பெயர் அமே. ஜப்பானிய மொழியில் மழை என்று பொருள். மழை நாளில் பிறந்தவன். அக்கா யுகி, பனி நாளில் பிறந்தவள். ஹனா புயலுக்குள் “அமே, அமே” என்று அலறியதை, முப்பது வருடமாகக் கொழும்பில் சிங்களப் பிள்ளைகள் தாயைக் கூப்பிடும் “அம்மே”யைக் கேட்டுப் பழகிய காது வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. ஒரு தாய் தன் மகனைத் தேடி அழுத இடத்தில், தாயில்லாத ஒருத்தி தன் தாயைத் தேடி அழுகிறாள் என்று நினைத்து அம்மா அழுதிருக்கிறார்.

நான் ஓட்டோவிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அது மகனின் பெயர் என்றேன். விழுந்து கிடந்தவளை அவனே தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனதைச் சொன்னேன். அவன் போகும்போது, உனக்கு நான் இன்னும் ஒன்றுமே செய்து தரவில்லையே என்று அவள் சொல்கிறாள் என்றேன். பத்தே வயதுப் பிள்ளையிடம், அத்தனையும் செய்த ஒரு தாய் சொல்லும் வார்த்தை அது. பம்பலப்பிட்டிச் சந்தி சிக்னலில் வண்டி நின்றிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. வெள்ளவத்தை வந்து இறங்கும்போது, “அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே” என்றார்.

அந்த ஒரு வரி அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் தமிழில் வந்திருக்க வேண்டும். நான் கேட்பது இதைத்தான்: தமிழ் சப்டைட்டில் போடுங்கள்.

படம் முடிந்து வெளியே வரும்போது வாசலில் நின்ற உங்கள் தம்பி ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவரும் பண்பாகத்தான் பதில் சொன்னார்: “கொழும்பில தமிழ் ஆக்களுக்குச் சிங்களமோ இங்கிலிஷோ ஏதாவது ஒண்டு தெரியும்தானே அன்ரி.” அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் கூட்டங்களில் கதைக்கப்படுவதைத்தான் அவர் சொல்லியிருப்பார்.

தெரியும்தான். எனக்கு இரண்டும் தெரியும். அம்மாவுக்கும் சந்தையில் விலை கேட்க, பஸ்ஸில் இறக்கம் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சுகம் விசாரிக்கச் சிங்களம் தெரியும். அதை வைத்துக்கொண்டு இரண்டு நொடியில் ஓடி மறையும் வரியை வாசிக்க முடியாது. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் முகத்துவாரத்திலும் இப்படி எத்தனை தாய்மார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை நடந்து பாருங்கள். மருதானையில் வீட்டில் தமிழ் கதைக்கும் முஸ்லிம் உம்மாமாரையும் கேட்டுப் பாருங்கள். தாய்மையைப் பற்றிய படத்துக்கு இவர்களை அழைக்காமல் வேறு யாரை அழைப்பது?

இது உங்களோடு மட்டும் உள்ள மனக்குறை இல்லை. 1987இல் கொண்டுவந்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அப்படியிருந்தும் ஒரு படிவத்துக்கு, ஒரு மருந்துச் சீட்டுக்கு, வங்கியிலிருந்து வரும் ஒரு குறுஞ்செய்திக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லும் முதியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தாலும் எழுத்துக் கொலை. ஒரு சொல்லை மூன்று விதமாகப் பிழையாக எழுதிய பலகைகளை நானே பார்த்திருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு நெருங்கிவிட்டது. இன்னும் எத்தனை காலத்துக்கு நாங்கள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்துக்கொண்டே வாழ்வது?

நீங்கள் அரச அலுவலகம் இல்லை, அந்தச் சட்டம் உங்களைக் கட்டாது என்பது தெரியும். ஆத்திரத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

படத்துக்கே வருகிறேன். எண்பதுகளில் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்தவும் அவரோடு இருந்தவர்களும் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களக் குரலில் கொண்டுவந்தார்கள். என் வயதுச் சிங்களச் சிநேகிதிகள் அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். வேற்றுநாட்டுக் கதை என்ற எண்ணமே அவர்களுக்கு வந்ததில்லை, அவ்வளவு சொந்தமாக இருந்தது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, பெரிய மரியாதைதான் இருக்கிறது. மொழி கொடுத்தால் ஒரு படம் பிள்ளையின் மனதில் நாற்பது வருடம் இருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும்.

டப்பிங் பெரிய செலவு, அதைக் கேட்கவில்லை. சப்டைட்டில் என்பது எந்த நொடியில் தோன்ற வேண்டும், எந்த நொடியில் மறைய வேண்டும் என்ற குறிப்போடு வரும் எழுத்துக் கோப்புதான். சிங்களத்துக்கு அனுமதி கேட்டு எழுதும் அதே கடிதத்தில் தமிழுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வசனப் பிரதியை ஒரு மாதம் முந்தித் தாருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம். இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். காட்டுவதற்கு முதல் நாள் திரையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எழுத்துரு சரியில்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஹனாவின் குரல் உடைகிற இடத்திலேயே தமிழ் வரியும் போய் முடியும். ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. இந்தப் படத்துக்குத் தமிழ் எவ்வளவு பொருந்தும் என்று நீங்கள் ஒரு தடவை செய்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அதுவரைக்கும், தமிழ் சப்டைட்டில் இல்லாத படமென்றால் அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்திலேயே அதைத் தெளிவாகப் போட்டுவிடுங்கள். கதைச் சுருக்கத்தையும் பாத்திரங்களின் பெயர்களையும் தமிழில் ஒரே ஒரு தாளில் அடித்து வாசலில் கொடுங்கள். அமே என்றால் மழை என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்திருந்தால் போதும், அம்மா அன்றைக்குச் சரியான இடத்தில் அழுதிருப்பார்.

முடிந்தால் இதே படத்தை இன்னொரு முறை, தமிழ் சப்டைட்டிலோடு போடுங்கள். படம் 117 நிமிடம். பகல் காட்சியாக இருந்தால் நல்லது, அம்மாவுக்கு இரவில் படி இறங்குவது கஷ்டம். எங்கள் ஒழுங்கையிலிருந்து குறைந்தது பத்துப் பேரைக் கூட்டி வருகிறேன். முன்வரிசையில் யார் இருந்தாலும் அவருக்கு எங்களால் தொந்தரவு இருக்காது.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

வெள்ளவத்தையிலிருந்து
ஒரு மகள்