பழுது காரிலா, கட்டடத்தின் எர்த்திலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் மின்சாரக் கார்களைப் பற்றி வெளியான கட்டுரையில், "அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சார்ஜ் ஏறவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பயன்படுத்தத் தெரியாததால் எழுபவை" என்று ஒரு வாக்கியம் இருந்தது. தங்கள் நாளிதழை நெடுங்காலமாக வாங்கிப் படிக்கும் எனக்கு, அதை அங்கே அச்சில் பார்த்தது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. பெரம்பூர் ரயில்வே பணிமனையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிளக்கைச் செருகத் தெரியாதவன் என்ற பெயரை இந்த வயதில் வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில், என் மகன் வாங்கிய கார் சார்ஜ் ஏற மறுத்தது. சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அத்தோடு நின்றுவிடும். கார் விற்ற நிறுவனத்தார் வீட்டு வயரிங்கில் கோளாறு என்றார்கள். வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் காரில் கோளாறு என்றார். சங்கச் செயலாளர் இரண்டையும் கேட்டுவிட்டு, இனிமேல் கீழ்த்தளத்தில் யாரும் சார்ஜ் போடக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் இணைப்பை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அதே காரும் அதே சார்ஜரும் மாதவரத்தில் என் மைத்துனர் வீட்டில் விடிய விடியத் தடையின்றி வேலை செய்தன. ஆகவே காரிலும் சார்ஜரிலும் குற்றமில்லை என்று தெரிந்துகொண்டு, எங்கள் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் 40 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கார் ரப்பர் டயர்களின் மேல் நிற்பது. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் அதன் உலோக உடல் முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கும், ஈரத்தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிற குழந்தையின் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். அதனால்தான் எர்த் சரியாக இல்லாத இடத்தில் மின்சாரத்தை எடுக்க மாட்டேன் என்று சார்ஜர் மறுக்கிறது. மிக்சியும் குளிர்பெட்டியும் எர்த் இல்லாவிட்டாலும் ஓடிவிடுவதால், நம் வீடுகளில் எர்த் செத்துப்போய் எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே யாருக்கும் தெரிவதில்லை. உயிரைக் காக்கும் இந்த மறுப்பைத்தான் தங்கள் கட்டுரையாளர் பயன்படுத்துவோரின் அறியாமை என்று எழுதியிருக்கிறார்.

அந்த எலக்ட்ரீஷியன் எனக்குச் சொன்ன வழியையும் தாங்கள் அறிய வேண்டும். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் லூப் போட்டுவிட்டால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும், சார்ஜ் ஏறிவிடும் என்றார். ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த லூப்புக்கு முன்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், காரின் உடலுக்கே 230 வோல்ட் வந்து சேரும். நான் மறுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டடத்தில் மறுக்க ஆளில்லை. அங்கே இன்றைக்கும் அந்த லூப்பை வைத்துக்கொண்டுதான் சார்ஜ் போடுகிறார்கள். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்தக் காரை உரசிக்கொண்டு நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் எங்கள் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடியதே பெரிய வேலையாகிவிட்டது. நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போட்டபோது அதையும் சேர்த்து மூடியிருந்தார்கள். உடைத்துப் பார்த்தால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின் (ஜி.ஐ.) தலைப்பகுதி துருவேறி உதிர்ந்து, எர்த் கம்பி எதையும் தொடாமல் நின்றது. கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் உப்புக் காற்றும் உப்பு நிலத்தடி நீரும் இரும்பை எவ்வளவு விரைவில் தின்னும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நாள்கணக்கில் நீர் தேங்கியதைத் தாங்களே முதல் பக்கத்தில் வெளியிட்டீர்கள். அந்த நீர் வடிந்த பிறகு எத்தனை கட்டடங்களில் எர்த்தையும் மீட்டர் போர்டையும் சோதித்தார்கள் என்று தங்கள் நிருபர் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

பொது மின் இணைப்பிலிருந்து எடுத்தால் மற்றவர்கள் தலையில் செலவு விழும் என்று செயலாளர் சொன்னதில் நியாயம் உண்டு. 2022 செப்டம்பரில் மாடிப்படி விளக்கு, லிஃப்ட் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனிக்கட்டணம் வந்ததிலிருந்து எல்லாச் சங்கங்களும் அந்தப் பில்லைப் பார்த்து அஞ்சுகின்றன. ஆனால் நான் கேட்டது என் சொந்த மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கத்தான். வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. மீட்டர்கள் எல்லாம் கீழ்த்தளத்திலேயே இருக்கும்போது, தடிமனான செம்புக் கம்பியும், அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடுவதில் என்ன சிரமம்? இஸ்திரிப் பெட்டிக்காகப் போட்ட பழைய சாக்கெட்டில் இரவு முழுக்க 3 கிலோவாட்டுக்கு மேல் இழுத்தால் அது உருகத்தான் செய்யும். அதையும் கார்க்காரரின் தவறு என்றுதானே எழுதுவார்கள்?

கட்டடங்களில் வாகன நிறுத்த இடத்தின் 20 விழுக்காட்டுக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019-இல் மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தார்கள். அது புதிதாக எழும் கட்டடங்களுக்குப் பயன்படும். எங்களைப் போன்ற பழைய குடியிருப்புகளை யார் நினைத்தார்கள்? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எங்கள் தலைமேல் சாம்பலைக் கொட்டி இந்த நகரத்துக்கு மின்சாரம் தந்தது. அத்திப்பட்டில் இன்றும் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. ஆனால் மின்சாரக் கார் என்றதும் தங்கள் இதழில் வரும் படங்கள் எல்லாம் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் எடுத்தவையாகவே இருக்கின்றன. எங்கள் பகுதி வெள்ளச் செய்திக்கும் வெட்டுக்குத்துச் செய்திக்கும் மட்டுமே தங்கள் நினைவுக்கு வருவதைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் வெளியாகவில்லை.

புதிதாகக் குழி தோண்டி எர்த் போட்ட அன்றிரவே எங்கள் கார் சார்ஜ் ஏறியது. அந்தச் செலவை நான் ஒருவனே ஏற்றுக்கொண்டேன். அதன் பாதுகாப்பு இப்போது கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் கிடைக்கிறது. செயலாளர் ஒட்டிய அறிவிப்பு மட்டும் இன்னும் பலகையில் இருக்கிறது. தங்கள் கட்டுரையை வெட்டி அதன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குத் திருத்தமாக, சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் கட்டடத்தின் எர்த்தை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு சோதிக்க வேண்டும், நியூட்ரலோடு எக்காரணம் கொண்டும் லூப் போடக் கூடாது என்று இரண்டு வரிகளை அதே இணைப்பிதழில், அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.